சர் சி. வி. ராமனும் அவர் கண்ட ஒளியும்: செட்டிநாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டிக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளில் கண்காட்சி வைக்கும்போது ராமனின் படம் கட்டாயம் இடம்பெறும். ஆனால் படத்துக்குக் கீழே மேசையில் இருக்கும் சோதனை பல நேரம் ராமன் விளைவாக இருப்பதில்லை. பால் கலந்த தண்ணீரும் மஞ்சள் கரைசலும் நல்ல சோதனைகள்தாம்; 1928-ல் ராமன் கண்டது வேறு: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு தன் நிறத்தையே மாற்றிக்கொள்வது. எது ராமன் ஒளி, எது இல்லை என்று பிரித்தறியும் வழிகளுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். வாழ்க்கை பற்றிய கேள்விகளும் இடையிடையே வருகின்றன.

பிப்ரவரி 28 ராமனின் பிறந்தநாளா?

இல்லை. அவர் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சி திருவானைக்காவலில். கல்கத்தா பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் புதிய ஒளியை அவர் உறுதி செய்த நாள் 1928 பிப்ரவரி 28. 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

அவர் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர் என்பது உண்மையா?

உண்மை. பத்து ஆண்டுகள் பார்த்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தார். செவ்வகத் துளை வழியே ஒளி விளிம்பு வளைவதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1906-ல், அவர் மாணவராக இருக்கும்போதே, இலண்டனிலிருந்து வரும் ‘ஃபிலசாபிக்கல் மேகசின்’ இதழில் வெளியாகியிருந்தது. ஆனாலும் அன்று இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. அரசு நிதித் துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகச் சேர்ந்தார்.

1909-ல் அவரை இரங்கூனுக்கு மாற்றினார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இந்தச் செய்தியைச் சொன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த ஆண்டு நாகபுரி, 1911-ல் மறுபடி கல்கத்தா. அலுவலகத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பவ்பஜார் ஆய்வகத்தில் வேலை செய்தார். மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய அந்தக் கழகத்தில் கருவிகள் இருந்தன. பயன்படுத்த ஆள் இல்லாமல் கிடந்தன. உதவிக்கு இருந்தவர் ஆசுதோஷ் தே.

1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் குறைவு என்று தெரிந்தே அரசு வேலையை விட்டார். கண்காட்சிப் பலகையில் ஒரே ஒரு வாழ்க்கைச் செய்திக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், நோபல் பரிசை விட இதை எழுதுங்கள் என்போம்.

கப்பலில் கடலைப் பார்த்தபோதே ராமன் விளைவைக் கண்டுபிடித்துவிட்டாராமே?

இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் ஓடின. 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு ‘நார்குண்டா’ என்ற கப்பலில் திரும்பினார். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு சொன்னதை அப்போது எல்லோரும் ஏற்றிருந்தார்கள். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகத்தை) கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் எதிரொளித்து வரும் ஒளியை மட்டும் அணைத்துப் பார்த்தார். பிரதிபலிப்பு போனதும் நீலமும் போக வேண்டும் அல்லவா? போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்தக் குறிப்பு அதே ஆண்டு நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

இதில் இன்றைய திருத்தம் ஒன்று உண்டு. நீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம். உறிஞ்சுதல், சிதறல் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை முழுமையாகும்.

அந்தச் சோதனையை ஊருணிக் கரையில் செய்யலாமா?

பாதியைச் செய்யலாம். பிரதிபலிப்பை அணைக்கும் பகுதி நன்றாக வரும். நிக்கோல் பட்டகம் வேண்டாம். போலராய்டு கூலிங் கிளாஸ் போதும்.

நீர்ப்பரப்பில் படும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்வில் எதிரொளித்தால் முழுக்க ஒரே தளத்தில் அதிரும். அந்தச் சாய்வில் நின்று பார்த்தால்தான் கண்ணாடி அதை முழுதாகத் தடுக்கும். கோணமானி தேவையில்லை, ஒரு கணக்கு இருக்கிறது: தரையிலிருந்து உங்கள் கண்ணின் உயரத்தை நீரின் ஒளிவிலகல் எண்ணான 1.33-ஆல் பெருக்குங்கள். கண் நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 2 மீட்டர் தள்ளியுள்ள நீரைப் பாருங்கள். படிக்கட்டில் நின்றால் படிகளின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானம் பளபளவென்று தெரிந்த இடத்தில் பளபளப்பு அணைந்து, படியும் பாசியும் தெரியும். கண்ணாடியை 90 டிகிரி திருப்பினால் பளபளப்பு திரும்ப வரும். திருப்பியும் மாற்றமே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது போலராய்டு அல்ல, வெறும் சாயக் கண்ணாடி. கடையில் வாங்கும்போதே மடிக்கணினித் திரைக்கு முன் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் திரை கருத்தால் அது நல்ல கண்ணாடி.

வராத பாதி நீல நிறம். நம் ஊருணித் தண்ணீரில் செம்மண் துகளும் பாசியும் மிதக்கின்றன. அவை மூலக்கூறை விடப் பல ஆயிரம் மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். ராமனுக்கு அமைந்தது ஆழமான, தெளிந்த கடல்.

மழை நாளில் வீட்டுக்குள்ளேயே செய்ய வேண்டுமானால் அத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கவே இருக்கிறது. கண்ணாடிப் பலகை மேல் வார்ப்பதால் அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். வளவுக்கு எதிர்ப்புறம் நின்று, முற்றத்து வெளிச்சம் தரையில் பட்டு உங்களை நோக்கி வருமாறு பாருங்கள். இங்கே பெருக்க வேண்டிய எண் ஏறத்தாழ 1.5. கண் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் இரண்டேகால் மீட்டர் தொலைவு. பளபளப்பு மறைந்ததும் கல்லின் பூவேலை நிறங்கள் அடர்ந்து தெரியும்.

சரி, ராமன் விளைவு என்பதுதான் என்ன?

ஒளி ஒரு பொருள் வழியே போகும்போது கொஞ்சம் நாலாபுறமும் சிதறும். சிதறிய ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே போகிறது. ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, குறைந்த ஆற்றலோடு, சற்றுச் சிவப்புப் பக்கம் நகர்ந்து வெளியேறுகிறது. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொண்டு ஊதாப் பக்கம் நகர்வதும் உண்டு. அது இன்னும் அரிது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. வட்டி முதலுக்குத் தக்கபடி ஏறும்; சில தரகர்கள் மட்டும் முதல் எவ்வளவானாலும் ஒரே தொகைதான் வாங்குவார்கள். மூலக்கூறு அந்த இரண்டாம் வகை. பென்சீன் எடுத்துக்கொள்ளும் தொகைகளில் ஒன்று, நிறமாலைக் கணக்கில், சென்டிமீட்டருக்கு 992 அலைகள். பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீலத்தைக் கொடுத்தால் அது 455.5-ல் ஒரு கோடாக வரும். 532 நானோமீட்டர் பச்சையைக் கொடுத்தால் 561.6-ல் வரும். கோடுகள் விழும் இடம் வேறு, பிடித்தம் ஒன்றுதான். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இப்படித் தனக்கென்று சில பிடித்தங்கள் இருப்பதால், சிதறிய ஒளியைப் பார்த்தே பொருளை அடையாளம் சொல்லலாம். இன்று மருந்து, நகை, மின்கலம் என்று எல்லா ஆய்வகங்களிலும் இது பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

1928-ல் அவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்?

18 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து, ஊதா வடிகட்டி வழியே செலுத்தி, தூய திரவம் நிரம்பிய குடுவையில் பாய்ச்சினார்கள். பார்ப்பவரின் கண்ணருகே பச்சை-மஞ்சள் வடிகட்டி. இரண்டு வடிகட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இருட்டு. அப்படியிருந்தும் குடுவைக்குள் ஒளிப்பாதை தெரிகிறது என்றால், ஊதாவாக உள்ளே போனது பச்சையாக மாறியிருக்க வேண்டும்.

இந்த மங்கலான மிச்ச ஒளியை 1923-லேயே ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் பார்த்துவிட்டார். திரவத்தில் கலந்த அழுக்கின் ஒளிர்வாக இருக்கும் என்று கருதி, திரும்பத் திரும்பத் தூய்மை செய்தார்கள். போகவில்லை. 1927 முடிந்து 1928 பிறந்த குளிர்காலத்தில், அதே ஆய்வகத்தின் வெங்கடேஸ்வரன் மிகத் தூய கிளிசரினில் நீலத்துக்குப் பதில் பளிச்சென்ற பச்சையைக் கண்டார். அந்த ஒளி வலுவாக முனைவாக்கம் பெற்றும், அதாவது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தும், இருந்தது. சாதாரண ஒளிர்வில் அப்படி இருக்காது. பிறகு கே. எஸ். கிருஷ்ணனும் ராமனும் ஏறத்தாழ அறுபது திரவங்களைப் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கும் கையடக்க நிறமாலைநோக்கியும் கொண்டு பார்த்தபோது, விளக்கில் இல்லாத புதிய நிறம் தனியே பிரிந்து நின்றது. மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ‘புதிய கதிர்வீச்சு’ என்ற தலைப்பில் பேசினார். அவரும் கிருஷ்ணனும் எழுதிய குறிப்பு மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் வந்தது.

எங்கள் வீட்டு முகப்புச் சன்னலில் நீலமும் பச்சையும் கலர் கண்ணாடி இருக்கிறது. அதை வடிகட்டியாக வைக்கலாமா?

வேண்டாம். கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி நீலத்தோடு அடர் சிவப்பையும் விட்டுவிடும். கண் சிவப்பை உடனே கவனிக்காது, ஆனால் அந்தக் கசிவு ராமன் ஒளியை விடப் பல லட்சம் மடங்கு வலுவானது. எந்த இரண்டு வடிகட்டியானாலும் முதலில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கைப்பேசி டார்ச்சுக்கு எதிரே இருட்டறையில் பாருங்கள். துளி வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இணை உதவாது. சூரியனை நேரே பார்த்துச் சோதிக்கவே கூடாது.

பால் கலந்த தண்ணீரில் டார்ச் அடித்தால் பக்கவாட்டில் நீலமும் கடைசியில் சிவப்பும் தெரிகிறதே, அது ராமன் விளைவுதானே?

இல்லை. வெள்ளை ஒளியில் ஏற்கெனவே இருக்கும் நீலம் அதிகமாகச் சிதறுகிறது, மிஞ்சிய சிவப்பு நேரே போகிறது. எந்தக் கதிரும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. லேசர் அடித்தால் உடனே புரிந்துவிடும்: பச்சை லேசரை அதே தண்ணீரில் விட்டால் எல்லாப் பக்கமும் பச்சைதான். மேசையில் வைப்பதானால் ‘வானம் ஏன் நீலம்’ என்று எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு சில துளிப் பால் போதும். கூடினால் எல்லாம் வெளுத்துவிடும்.

மஞ்சள் கரைசலில் ஊதா லேசர் அடித்தால் நிறமே மாறுகிறதே?

மாறுகிறது, ஆனால் அது ஒளிர்வு. மஞ்சளில் உள்ள குர்குமின் ஊதாவை முழுதாக விழுங்கி, ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, பிறகு பச்சை-மஞ்சளாக உமிழ்கிறது. ராமன் சிதறலில் விழுங்கும் கட்டமே இல்லை. செக்கு எண்ணெய்களிலும் இதே சிக்கல். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் இயற்கை நிறமிகள் இருப்பதால் லேசர் பாதை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒளிரும். ‘எண்ணெயில் ராமன் விளைவு’ என்று காட்டும் இணையப் படங்களில் இந்த ஒளிர்வைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

பிரித்தறிய இரண்டு வழிகள். முதல் வழி, இரண்டு வேறு நிற லேசர்கள்: லேசரை மாற்றும்போது கோடும் கூடவே நகர்ந்தால் ராமன், இடம் மாறாமல் நின்றால் ஒளிர்வு. இரண்டாவது அகலம்: ஒளிர்வு அகலமாகப் பரவிக் கிடக்கும், ராமன் கோடு ஒல்லியாக இருக்கும். தண்ணீர் மட்டும் விலக்கு. அதன் பட்டை இயல்பாகவே அகலம்.

அப்படியானால் பள்ளியில் உண்மையான ராமன் ஒளியைக் காட்டவே முடியாதா?

முடியும். பார்வையாளர் கண்ணால் பார்ப்பது கடினம், கேமராவில் பிடிக்கலாம். இரவு, இருட்டறை, பொறுமை மூன்றும் வேண்டும்.

தேவையானவை: 532 நானோமீட்டர் பச்சை லேசர், 5 மில்லிவாட். 25 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கண்ணாடிக் கொதிகுழாய். நிறமற்ற, 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் சுமார் 50 மில்லி. பச்சை லேசருக்கு விற்கும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கேமராவுக்கு வடிகட்டியாக. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 1000 கோடுகள் உள்ள கீற்றணிப் படலம். கையால் அமைக்கக்கூடிய கேமரா, 50 மில்லிமீட்டர் வில்லை, முக்காலி. ராமன் குழுவினர் பயன்படுத்திய பென்சீனைப் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். அது புற்றுநோய் உண்டாக்கும். கை கழுவும் சானிடைசரும் ஆகாது, அதில் கூழும் வாசனையும் கலந்திருக்கும்.

ஆல்கஹாலை வடிதாளில் இரண்டு முறை வடித்து, மூடி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். குழாயைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, லேசரை மேலிருந்து கீழ்நோக்கிச் செலுத்துங்கள். அடியில் கருப்புத் துணி. இப்படி வைத்தால் கதிர் யார் கண்ணுக்கும் நேரே போகாது. குழாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி கேமரா. வில்லைக்கு முன் கீற்றணி, அதற்கு முன் ஆரஞ்சு வடிகட்டி. தனியாகப் பிளவு தேவையில்லை. திரவத்துக்குள் போகும் கதிரே ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு. ஒரு மீட்டர் தொலைவில் அதுவே பிளவின் வேலையைச் செய்து, கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். கீற்றணியின் கோடுகளும் கதிரும் இணையாக இருக்க வேண்டும்.

கீற்றணி குழாயை நேரே பார்த்திருக்க, கேமராவை மட்டும் பக்கவாட்டில் 39 டிகிரி திருப்புங்கள். 630 நானோமீட்டர் அந்தத் திசையில்தான் வரும். முதலில் வடிகட்டியை எடுத்துவிட்டு, 32 டிகிரியில் பச்சைக் கோட்டைப் பிடித்துக் குவியத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு வடிகட்டி போட்டு, ஐ.எஸ்.ஓ. 3200, துவாரம் முழுதும் திறந்து, 30 விநாடி. ஒரே படத்தில் மங்கலாக இருந்தால், பத்துப் படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்கிச் சேருங்கள்.

எங்கே எதிர்பார்ப்பது? ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வு 628 முதல் 632 நானோமீட்டர் வரை சிவப்பு-ஆரஞ்சுப் பட்டையாக வரும். 556-ல் இன்னொரு கோடு உண்டு, அதை வடிகட்டி விழுங்கிவிடக்கூடும். ஒப்பிட, குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீரை மாற்றுங்கள்: பட்டை 650-க்கு அருகே நகர்ந்து அகலமாகும். இந்த நகர்வே உங்கள் சான்று. அளவுகோல் வைக்க, குழாய் இருந்த இடத்தில் கருப்பு அட்டையில் ஒரு மில்லிமீட்டர் கீறல் வெட்டி, பின்னால் சி.எஃப்.எல். விளக்கைப் பிடியுங்கள். 546 பச்சையும் 611 சிவப்பும் தெளிவான கோடுகள். அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை வைத்து மற்றதைக் கணக்கிடலாம்.

எல்லாம் செய்தும் படத்தில் ஒன்றும் இல்லை, அல்லது படம் முழுக்க வெளிச்சம். எங்கே தவறு?

படம் முழுக்க ஆரஞ்சுப் படலமாக இருந்தால் முதல் சந்தேகம் வடிகட்டிமேல். மலிவான பாதுகாப்புக் கண்ணாடிகள் பச்சை பட்டதும் தாமே ஒளிரும். குழாய்க்கும் வடிகட்டிக்கும் நடுவே கருப்பு அட்டைக் கூடு வைத்து நேரடிப் பச்சையைக் குறையுங்கள். அல்லது வேறு கண்ணாடி மாற்றுங்கள். குழாயின் சுவரும் ஒளிரலாம். வெறுங்குழாயை ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் எது குழாயுடையது என்று தெரியும். பிளாஸ்டிக் புட்டி எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக்குக்கே சொந்தமாக ராமன் பட்டைகள் உண்டு.

பளிச்சென்ற புள்ளிகள் மிதந்தால் தூசு. திரும்ப வடியுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் குவியமோ கோணமோ தவறியிருக்கும். கேமராவின் தானியங்கிக் குவியத்தை நிறுத்த மறந்தால் இருட்டில் அது அலைந்துவிடும். லேசர் சூடேறச் சூடேற மங்குவதும் உண்டு. 30 விநாடி ஓட்டினால் ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அறையில் வேண்டாம். மலிவான பச்சை லேசர்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் உமிழும், ஆரஞ்சுக் கண்ணாடி அதைத் தடுக்காது. கதிரின் நேர்ப் பாதையில் தலையைக் கொண்டுபோகவே கூடாது.

சிவப்பு லேசர் வைத்துச் செய்யலாமா?

650 நானோமீட்டர் சிவப்பில் அதே ஆல்கஹால் பட்டை 800-ஐ ஒட்டி, அகச்சிவப்பில் விழும். கண் பார்க்காது, கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டியும் விடாது. தவிர, அலைநீளம் கூடக் கூடச் சிதறல் நான்காம் அடுக்கில் குறையும். பச்சையை விட இரண்டு மடங்குக்கு மேல் மங்கல்.

கிருஷ்ணனுக்கு ஏன் நோபல் கிடைக்கவில்லை? ரஷ்யர்கள் முன்பே கண்டுபிடித்தார்களாமே?

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் நம் பக்கத்துக்காரர். 1898-ல் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1928 பிப்ரவரியில் நடந்த சோதனைகளில் பெரும்பகுதி அவர் கையால் நடந்தவை, முதல் குறிப்பிலும் அவர் பெயர் இருக்கிறது. பரிசுக்கு ராமனைப் பரிந்துரைத்தவர்களில் ரூதர்ஃபோர்டும் போரும் உண்டு. அடிப்படைக் கேள்வியை 1921 முதல் விடாமல் துரத்தியவர் ராமன் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பலகையில் ராமனின் பெயருக்குப் பக்கத்தில் கிருஷ்ணனின் பெயர் இல்லாதிருப்பது முறையல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. கிருஷ்ணன் பின்னாளில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

மாஸ்கோவில் மாண்டெல்ஷ்டாமும் லாண்ட்ஸ்பெர்க்கும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவை 1928 பிப்ரவரி 21 அன்றே கண்டார்கள். அச்சில் வந்தது சில மாதங்கள் கழித்து. இரு குழுவும் ஒன்றையொன்று அறியாமல் கண்டவை. இப்படி ஒன்று இருக்கலாம் என்று ஆஸ்திரியர் ஸ்மேக்கல் 1923-ல் கணக்கு வழியாகச் சொல்லியிருந்தார்.

பரிசு அறிவிக்கும் முன்பே ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தாரா?

1930 ஜூலையிலேயே தமக்கும் மனைவி லோகசுந்தரி அம்மாளுக்கும் எடுத்துவிட்டார் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பரிசு அந்த ஆண்டே கிடைத்தது. அறிவியலில் நோபல் பெற்ற முதல் ஆசியர் அவர்.

ராமன் முறையில் வைரத்தையும் கெம்பையும் சோதிக்கலாமா?

வைரத்தை, கருவி இருந்தால், நொடியில் சொல்லலாம். வைரத்துக்கு ஒரே ஒரு ஒல்லியான வலுவான கோடு, சென்டிமீட்டருக்கு 1332 அலைகள். 532 லேசரில் அது 572.6 நானோமீட்டரில் விழும். வைரம்போலத் தோன்றும் சிர்கோனியா கல்லில் இது இருக்காது. மாய்சனைட்டுக்கு வேறு கோடுகள். கல்லை நகையிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. பழைய தோடுகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே. 1332 அதிலும் வரும். மண்ணிலிருந்து எடுத்ததா, வளர்த்ததா என்று பிரிக்க வேறு சோதனைகள் வேண்டும்.

ராமனுக்கு வைரத்தின் மேல் தீராத ஈடுபாடு. பெங்களூரில் பெரிய சேகரிப்பே வைத்திருந்தார். 1940-ல் அவரிடம் சேர்ந்த அன்னா மணி வைரம், மாணிக்கம் இரண்டின் ஒளிர்வையும் ஆராய்ந்து, மணிக்கணக்கில் ஒளி காட்டித் தகடுகளில் நிறமாலை எடுத்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டும், எம்.எஸ்சி. இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

கெம்புக்குக் கருவியே வேண்டாம். உண்மையான மாணிக்கத்தில் உள்ள குரோமியம், பச்சை ஒளியை வாங்கி 693, 694 நானோமீட்டர்களில் அடர் சிவப்பாக ஒளிரும். பச்சை லேசரை அடித்து ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தால் கல் கனல்போல் தெரியும். கண்ணாடிக் கெம்பு சும்மா இருக்கும். இரும்பு குறைவாக இருப்பதால் பர்மாக் கெம்பு நன்றாக ஒளிரும், தாய்லாந்துக் கல் மந்தமாக. இது ஒளிர்வு, ராமன் சிதறல் அல்ல. செயற்கை மாணிக்கமும் சிவப்பு ஸ்பினலும் இதேபோல ஒளிர்வதால், ஒளிர்ந்தது என்பதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பட்டை தீட்டிய கல் லேசரை எல்லாப் பக்கமும் தெறிக்கவிடும். அட்டைப் பெட்டிக்குள் வைத்தே சோதியுங்கள்.

மிருதங்கத்தைப் பற்றி ராமன் என்ன கண்டார்?

சாதாரணத் தோலைத் தட்டினால் வரும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் இருக்காது. முதல் அதிர்வு விநாடிக்கு 130 என்று வைத்தால், அடுத்தவை 207, 278, 298 என்று இசைவில்லாமல் போகும். அதனால்தான் பல பறைகளில் ஓசை இருக்கும், சுருதி இருக்காது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவே ஏற்றும், சோறு எனப்படும் கருப்புப் பூச்சு இதை மாற்றுகிறது. நடுவில் கனமாகவும் ஓரத்துக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும் அந்தச் சுமை, 130, 260, 390, 520, 650 என்று அதிர்வுகளைச் சுருதிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களாகச் சேர்கின்றன என்று ராமன் காட்டினார். முதல் குறிப்பு 1920-ல், விரிவான கட்டுரை 1934-ல்.

செய்து பார்க்க: சுருதி சேர்த்த மிருதங்கத்தை வலந்தலை மேலே வரும்படி நிறுத்தி, உலர்ந்த நுண்மணலை மெல்லத் தூவுங்கள். ஒரு விரலைத் தோலில் இலேசாக வைத்து, ஓரத்தில் தட்டுங்கள். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கும். விரலை விட்டத்தின் குறுக்கே எங்கே வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து வடிவம் மாறும். கைப்பேசியில் அலைவரிசை காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, அதே தட்டலின் முகடுகளைப் பாருங்கள். விகிதம் 1:2:3 என்று வராவிட்டால் வார் இழுப்பு எல்லாப் பக்கமும் சமமில்லை, அல்லது சோறு விரிசல் விட்டிருக்கிறது. வாத்தியக்காரரின் அனுமதி இல்லாமல் மணல் தூவ வேண்டாம்.

ராமன் எதிலும் தவறவில்லையா?

தவறினார். படிக அணுக்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்னோடு நெடுநாள் வாதாடினார்; காலம் பார்ன் பக்கமே நின்றது. 1933-ல் கமலா சோஹோனி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதால் முதலில் தயங்கினார். பிறகு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர், 1934-ல் இந்திய அறிவியல் அகாடமியையும் 1948-ல் ராமன் ஆய்வுக் கழகத்தையும் நிறுவியவர், 1954-ல் பாரத ரத்னா பெற்ற முதல் மூவரில் ஒருவர் என்ற செய்திகளோடு இதுவும் சேர்ந்ததுதான் அவர் வாழ்க்கை. 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார்.

உண்மையான ராமன் நிறமாலைமானியை எங்கே பார்க்கலாம்?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்டது. மின்கலத்துக்கான கரிப்பொருள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மின்வேதியியல் ஆய்வாளர்கள் ராமன் கோடுகளால்தான் அளக்கிறார்கள்: சென்டிமீட்டருக்கு 1580 அலைகளை ஒட்டி வருவது ஒழுங்கான கிராஃபைட், 1350-ஐ ஒட்டி வருவது குறைபாடு. இந்த நிறுவனத்தை நடத்தும் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் நிறுவன நாள் செப்டம்பர் 26; அதையொட்டி இவ்வகை ஆய்வகங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவது வழக்கம். தலைமையாசிரியர் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டு, எத்தனை மாணவர்கள், எந்த வகுப்பு, எந்தக் கருவியைப் பார்க்க விருப்பம் என்று எழுதுங்கள். நீங்கள் எடுத்த ஆல்கஹால் படத்தையும் ஒன்று இணைத்தால், அதே திரவத்தை அவர்கள் கருவியில் வைத்து உங்கள் 630-ஐச் சரிபார்க்கக் கேட்கலாம்.